வெங்காய வேர் நுனி ஸ்லைடு: பிரியிற செல்லே கண்ணுல படலை

தண்டையார்பேட்டை பிளஸ் ஒன்:
மைட்டாசிஸ் (ஒரு செல் ரெண்டா பிரியிறது) பிராக்டிகலுக்கு வெங்காய வேர் ஸ்லைடு போட்டோம். அசிட்டோகார்மைன்கிற சிவப்புச் சாயத்துல 5 நிமிஷம் ஊறவச்சு நசுக்கினோம். மைக்ராஸ்கோப் 40 எக்ஸ் லென்ஸ்ல நீள நீளமான செல்தான் தெரியுது, உள்ள ஆளுக்கொரு உருண்டை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது வேற. எங்க தப்பு அண்ணா?

ராயபுரம் தாவரவியல்:
செல் நீளமா இருக்குன்னாலே நுனியை விட்டுட்டு மேல்பகுதியை நசுக்கியிருக்கீங்க தம்பி. அங்க செல் பிரியாது, நீளத்தான் செய்யும். செல் பிரியிற ஆக்குத்திசு கடைசி 2 மி.மீ.லதான். சாயம் ஏறினதும் நுனி மட்டும் கருஞ்சிவப்பா நிக்கும், மேல வெளிறிப் போயிருக்கும். அந்தக் கருத்த துண்டை பிளேடால வெட்டி எடுத்துட்டு மீதியைத் தூக்கிப் போடுங்க.

ஏறிக் கிடக்கிறது ஆசிட் போடாததால. செல்லுக்குச் செல் ஒட்டவைக்கிற பெக்டின் இளகணும். வாட்ச் கிளாஸ்ல வேரை வச்சு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, அசிட்டோகார்மைன் 2-3 சொட்டு. ஸ்பிரிட் விளக்குமேல காட்டிக் காட்டி எடுங்க, கொதிக்கக் கூடாது. காஞ்சா சாயம் பொடிப்பொடியா படியும். அதையே குரோமோசோம்னு வரைஞ்சு வச்சிடுவீங்க.

வண்ணாரப்பேட்டை லேப்:
வேரை எப்ப வெட்டினீங்கப்பா? காலையில 8லேர்ந்து 10 மணிக்குள்ள வெட்டி, வெட்டின கையோட கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு, எத்தனால் 3 பங்கு கலவையில போடணும். செல் அந்தந்த நிலையிலேயே நின்னுடும். 24 மணி நேரம் கழிச்சு 70% ஆல்கஹாலுக்கு மாத்துங்க. வெறும் தண்ணியில போட்டு மறுநாள் வகுப்புக்குக் கொண்டு வந்தா ஒண்ணும் மிஞ்சாது.

வேர் விட வைக்கிறதுலயும் கவனம் வேணும். காஞ்ச பழைய வேரைச் சுரண்டிடுங்க. அடித்தட்டு மட்டும் தண்ணியைத் தொடட்டும். நம்ம ஊர் வெக்கைக்கு வெங்காயம் மூழ்கினா அழுகிடும், தினமும் தண்ணி மாத்துங்க. 2-3 செ.மீ. வளர்ந்தா போதும்.

தண்டையார்பேட்டை பிளஸ் ஒன்:
நசுக்கும்போது கவர்ஸ்லிப் வழுக்குதே?

ராயபுரம் தாவரவியல்:
மடிச்ச பிளாட்டிங் பேப்பரை மேல வச்சு கட்டைவிரலால நேரா கீழே அழுத்துங்க. திருகினா செல் சுருண்டுக்கும். முதல்ல 10 எக்ஸ்ல சதுரமான, நெருக்கமான செல் இருக்கிற இடத்தைப் பிடிச்சிட்டு 40க்குப் போங்க. பெரும்பாலான செல் இன்டர்ஃபேஸ்லதான், அதாவது பிரியாத நிலையிலதான் இருக்கும். மெட்டாஃபேஸ் (குரோமோசோம் நடுவுல வரிசையா நிக்கிறது), அனாஃபேஸ் (ரெண்டு பக்கமா விலகுறது) அங்கொண்ணு இங்கொண்ணுதான். ஸ்லைடை மெதுவா நகர்த்தித் தேடுங்க. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். எண்ண வரலைன்னா பரவாயில்லை, தெரியிறதை மட்டும் வரைங்க.