சி10 சீட்டுக்குப் பின்னால் டேங்க் இருந்த இடம்: என்ன செய்யலாம்?

நீலவண்டி:
வண்டி 1970 செவர்லே சி10 பிக்கப். கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டேங்க்கை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஃபிரேம் ரெயில்களுக்கு நடுவே பிளேசர் (செவர்லேயின் இன்னொரு வண்டி) வகை டேங்க் மாட்டியாச்சு. பெஞ்ச் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் மேலே 12 செ.மீ., தரையில் 22 செ.மீ. இடைவெளி மிஞ்சுது. ஒரு சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்), ஜாக்கி, டூல்ஸ் வைக்கணும். கேபின் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றும் ஓட்டையை எப்படி அடைக்கலாம்? பேட்டரியையும் உள்ளே கொண்டுவரலாமா?

தகரவேலை:
எதை வைப்பதற்கும் முன்னால் தண்ணீர் வருதான்னு பாருங்க நண்பரே. பின்கண்ணாடி ரப்பர் இறுகிப்போனால் கீழ் மூலைகளில் கசியும். அந்தத் தண்ணீர் நேராகத் தரையும் பின்சுவரும் சேரும் இணைப்பில்தான் போய் நிற்கும். டேங்க் மறைத்திருந்ததால் இத்தனை வருஷம் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் தண்ணீரைக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோகணும். மேலிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் கசியுதுன்னு பிரித்துச் சொல்லவே முடியாது.

துருவை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். இறங்காவிட்டால் ஒயர் பிரஷ், எபாக்சி பிரைமர், அப்புறம் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை). அதிர்வு குறைய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை (ஒட்டும் ரப்பர் ஷீட்) ஒவ்வொரு பேனலின் நடுவிலும் ஒட்டினால் போதும், முழுக்க மூட வேண்டாம். இணைப்பின் மேலும் வடிகால் துளைகளின் மேலும் ஷீட் ஒட்டாதீங்க. சணல் ஃபெல்ட் வேண்டவே வேண்டாம், ஒருமுறை நனைந்தால் மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும்.

ஓட்டைக்கு, பழைய நெக்கையும் (பெட்ரோல் ஊற்றும் குழாய் வாய்) மூடியையும் அப்படியே வெளியே தெரிய விட்டு, உள்பக்கம் கேஸ்கெட்டோடு ஒரு தகட்டை போல்ட் பண்ணுங்க. வெல்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வளைவில் சூடு ஏறினால் தகரம் நெளியும், மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது.

பெட்டிக்கணக்கு:
சப்வூஃபருக்கு இந்த இடம் தாராளம். சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 3 செ.மீ. விடுங்க, இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது சீட்டில் இடிக்கும். அப்போ பெட்டியின் வெளி ஆழம் மேலே 9, கீழே 19 செ.மீ. அகலம் 60, உயரம் 36 வைத்து 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) வைத்துச் செய்தால் உள்ளே சுமார் 19 லிட்டர் கிடைக்கும். ஸ்பீக்கர் பிடிக்கும் இடம் போக ஏறக்குறைய 17.5 லிட்டர். ஆழம் குறைந்த 10 அங்குல சப்கள் பலவற்றுக்கு மூடிய பெட்டியில் இது பொருந்தும், ஆனாலும் ஸ்பீக்கரின் விவரத்தாளில் கேட்டிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு வெட்டுங்க. ஸ்பீக்கரைக் கீழ்ப்பாதியில் வையுங்க, மேலே மேக்னட்டுக்கு ஆழம் போதாது.

முதலில் அட்டையில் ஒரு பெட்டி செய்து, கதவு வழியாக உள்ளே போகுதான்னு பார்த்துவிடுங்க. ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) தரையில் போடாதீங்க, பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி மாட்டுங்க. அதன் பவர் ஒயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம்.

போல்ட்நட்:
பேட்டரி வேண்டாம் சார். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதை ஆள் உட்காரும் கேபினில் வைக்கவே கூடாது. ஏ.ஜி.எம். (அமிலம் சிந்தாத சீல் வகை) என்றாலும் மூடிய பெட்டியும் வெளியே போகும் குழாயும் வேணும். இந்த வண்டியின் என்ஜின் அறையில் இடத்துக்கா பஞ்சம்?

ஜாக்கி, டூல் பெட்டி எதையும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் நம்பி விடாதீங்க. வண்டி மோதினால் மெல்லிய தகரத்தைப் பிய்த்துக்கொண்டு நேராக முதுகுக்கு வரும். 8 மி.மீ. போல்ட் போட்டு, தரைக்கு அடியில் 5 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. தகடு கொடுங்க. துளை போடும் முன் கீழே படுத்து பிரேக் லைன், பெட்ரோல் லைன் எங்கே ஓடுதுன்னு பார்த்துக்கங்க.

நீலவண்டி:
நன்றி. இன்னொன்று: புது டேங்க் மாட்டியதிலிருந்து பெட்ரோல் மீட்டர் முள் எப்பவும் ஃபுல்லைத் தாண்டியே நிற்குது.

பெட்டிக்கணக்கு:
பெட்டியை மாட்டும் முன்பே இதைச் சரிசெய்யுங்க, ஏன்னா பழைய சென்டர் (டேங்க்கில் உள்ள பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் கருவி) ஒயரை நீட்டிய இணைப்பு அதற்குப் பின்னால்தான் மறையும். இந்த மீட்டருக்கு 0–90 ஓம் சென்டர். சர்க்யூட் எங்காவது அறுந்தாலோ எர்த் கிடைக்காவிட்டாலோ முள் ஃபுல்லைத் தாண்டும். அந்த ஒயரின் டேங்க் முனையைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் ஃபிரேமில் தொடுங்க. முள் காலிக்கு இறங்கினால் ஒயர் சரி, சென்டரின் எர்த்தைப் பாருங்க: பெயிண்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் பிடிக்கணும். இறங்காவிட்டால் கோளாறு அந்தச் சீட்டுப் பின்னால் உள்ள இணைப்பில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.