மாடித் தொட்டி நீர்மட்டக் கருவி: ஒவ்வொரு புரோட்டோடைப்புக்கும் ஒரு மாதம் போகிறது, எப்படிக் குறைப்பது?

சர்க்யூட்_ரோஸ்ஹில்:
வணக்கம். இங்கே மொரிஷியஸில், மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டும் கருவி ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். வைஃபை உள்ள இஎஸ்பி32 மாட்யூல், ஒலி அலையால் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார், 18650 லித்தியம் பேட்டரி ஒன்று, மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாக இறக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்த பெட்டி. ப்ரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) நன்றாக ஓடுகிறது. பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆக்கி மாடியில் வைத்தால் தானாக ரீசெட் ஆகிறது, தொட்டி நிறைந்திருக்கும்போது தப்பான அளவு காட்டுகிறது. திருத்தி, சீனாவுக்கு ஆர்டர் போட்டு, பார்சல் சுங்கம் தாண்டி வீடு வந்து சேர ஒரு மாதம். புயல் காலம் நவம்பரில் தொடங்குமுன் சில வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் செலவு கூடினாலும் பரவாயில்லை. என்ன செய்யலாம்?

வாக்வா_வேலன்:
தம்பி, இரண்டு லேயர் போர்டைச் சீனாவில் ஓரிரு நாளில் செய்து முடித்துவிடுவார்கள். மீதி நாளெல்லாம் காத்திருப்பு. அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. ஒரே ஆர்டரில் எத்தனை சந்தேகங்களுக்கு விடை வாங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் ரீசெட். ப்ரெட்போர்டில் யுஎஸ்பியின் 5 வோல்ட் கிடைத்தது, அதனால் குறை தெரியவில்லை. ஏஎம்எஸ்1117க்கு உள்ளே போகும் மின்னழுத்தம் வெளியே வருவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது 2.6 வோல்ட் அளவுதான். இஎஸ்பி32 மாட்யூல் கேட்பது குறைந்தது 3.0. வைஃபை கிளம்பும்போது நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் ஒரேயடியாக இழுக்கும், உடனே ரீசெட். போதாததற்கு அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் அளவு தின்னும். 2500 எம்ஏஎச் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. எம்இ6211 மாதிரி 500 மில்லிஆம்பியர் தரும் எல்டிஓ (உள்ளே போவதும் வெளியே வருவதும் கொஞ்சமே வித்தியாசப்பட்டாலும் ஓடும் ரெகுலேட்டர்) போடுங்கள். மாட்யூலின் 3.3 வோல்ட் காலுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் வையுங்கள்.

இதைச் சோதிக்கப் பிசிபி தேவையே இல்லை. டாட் போர்டில் (சால்டர் செய்யும் ஓட்டைப் பலகை) பேட்டரி, எல்டிஓ, மாட்யூல் மூன்றை மட்டும் சால்டர் செய்து, பேட்டரியை 3.4 வோல்ட் வரை இறங்கவிட்டு வைஃபையை ஓட்டிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். ப்ரெட்போர்டை இதற்கு நம்பாதீர்கள், அதன் தொடுமுனைகளிலேயே மின்னழுத்தம் விழும்.

அடுத்த போர்டில் சந்தேகம் உள்ள இடத்திலெல்லாம் மாற்றுவழி வையுங்கள். சென்சாருக்கு இரண்டு விதக் கனெக்டர், நடுவில் இணைப்புப் பாலமாக ஜீரோ ஓம் ரெசிஸ்டர், எதை ஒட்டுகிறோமோ அந்த வழி வேலை செய்யும். 3.3 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ், இஎன், ஜிபிஐஓ0 கால்கள் எல்லாவற்றுக்கும் மீட்டரை வைத்து அளக்க டெஸ்ட் பாயின்ட். கையால் மாற்ற உதிரிகள் 0805 அளவில் இருந்தால் வசதி, பொடியான 0402 வேண்டாம். அனலாக் சென்சாரை ஏடிசி1 (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) கால்களில் மட்டும் கொடுங்கள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 கிடைக்காது. ஜிபிஐஓ12ஐத் தொடாதீர்கள், பவர் வரும் நேரத்தில் அது ஹையாக இருந்தால் பல மாட்யூல்கள் பூட் ஆகாது.

தென்கடல்:
வேலன் அண்ணன் சொன்னதோடு சென்சாரையும் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டிக்கு முன்னால் 20 முதல் 25 செ.மீ. வரை குருட்டு இடம். தொட்டி நிறைந்தால் தண்ணீர் அதற்குள் வந்துவிடும், அளவு தப்பும். இது மென்பொருளில் சரியாகாது. விடிகாலையில் மூடியின் அடியில் வியர்க்கும் நீர்த்துளி சென்சார் முகத்தில் ஒட்டினாலும் இதே கதைதான். கியூர்பிப் பக்கம் ஈரம் அதிகம் என்பதால் அங்கே இன்னும் கஷ்டம்.

நான் என்றால் தண்ணீருக்குள் இறக்கும் 4–20 மில்லிஆம்பியர் பிரஷர் சென்சாருக்கு (நீரின் ஆழத்துக்கு ஏற்ப மின்னோட்டம் கூடும்) போவேன். விலை கூடும், ஆனால் பல மாதத் தலைவலி போகும். 0–5 மீட்டர் வகையில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு 4லிருந்து 7.2 மில்லிஆம்பியர் வரும். 150 ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் 0.6லிருந்து 1.08 வோல்ட், ஏடிசி ஒழுங்காக அளக்கும் பகுதி அது. அந்தச் சென்சாருக்கு 12 அல்லது 24 வோல்ட் வேண்டும், மின்னழுத்தத்தை ஏற்றும் சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டரை அளக்கும் சில விநாடிகள் மட்டும் ஆன் செய்யுங்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் கேபிள் உறை அதற்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் கூரை கான்கிரீட் ஸ்லாப். ரூட்டர் கீழே, கருவி மேலே. பெட்டியைத் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் தண்ணீரும் சிக்னலைக் குடித்துவிடும். வெளி ஆன்டெனா போடக்கூடிய இஎஸ்பி32-வ்ரூம்-32யு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட்_மலர்:
பெட்டிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். பிஎல்ஏ 60 டிகிரி அருகே இளகும். மாடி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வந்துவிடும், மூடி வளைந்து மழை இறங்கும். கடையில் ஐபி65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத தரம்) பெட்டியை வாங்கி, அதன் உள்ளளவுக்குப் போர்டை வரையுங்கள். ஆர்டருக்கு முன் போர்டு வரையும் மென்பொருளான கிகாடிலிருந்து 1:1 அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, பெட்டிக்குள் வைத்துத் திருகு ஓட்டை பொருந்துகிறதா பாருங்கள். கேபிள் நுழையும் இடத்தில் அதன் தடிமனுக்குப் பொருந்தும், நீர் புகாமல் இறுக்கும் கிளாண்ட் போட்டு, அடிப்பக்கம் வையுங்கள். பெட்டியின் தாங்கியை மட்டும் வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுங்கள்.

சிலிகான் அடைத்தால் நியூட்ரல் வகை. வினிகர் வாடை வரும் சிலிகான் செம்பை அரிக்கும். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் மாதிரிக் கடலோர வீட்டில் வைப்பதென்றால் போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) கட்டாயம், கனெக்டர்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

சர்க்யூட்_ரோஸ்ஹில்:
மிக்க நன்றி. டாட் போர்டு சோதனையை இன்றே தொடங்குகிறோம். பேட்டரி, சென்சார், போர்டு எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வரவழைக்கலாமா?

வாக்வா_வேலன்:
போர்டும் உதிரிகளும் ஒன்றாக வரட்டும், பேட்டரியைச் சேர்க்காதீர்கள். தனி லித்தியம் செல்லுக்கு விமானத்தில் கட்டுப்பாடு அதிகம், அதற்காக மொத்தப் பார்சலும் நின்றுவிடும். செல்லை இங்கேயே வாங்குங்கள். இன்வாய்ஸில் பொருளின் பெயரும் உண்மையான விலையும் தெளிவாக இருக்க வேண்டும். 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் வையுங்கள். பார்சல் வரும்வரை மென்பொருளில் ஓடிஏ அப்டேட்டை (வைஃபை வழியாகவே புதுப்பிக்கும் வசதி) முடித்துவிடுங்கள். சில வீடுகளில் வைத்தபிறகு ஒவ்வொரு மாடிக்கும் லேப்டாப்போடு ஏற முடியாது. ரீசெட் ஆன காரணம், பேட்டரி வோல்ட், சிக்னல் அளவு மூன்றையும் ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பச் செய்யுங்கள். முதல் இரண்டு கருவிகளில் ஒன்று கியூர்பிப்பில், ஒன்று கடலோரத்தில் இருக்கட்டும்.