மனசுல தெரியுற உருவத்தை எவ்வளவு தூரம் நம்பி டிசைன் பண்ணலாம்?

ஆம்பூர்_அப்பர்:
ஷூ அப்பர் (பாதத்தை மூடுற மேல்பகுதி) டிசைன் பழகுறவங்களுக்கு ஆம்பூர்ல டிசைன் திங்கிங் வகுப்பு நடத்துறோம். "முதல்ல மனசுல முழுசா பாரு, அப்புறம் வரை"ன்னு ஒரு கட்சி. "பேப்பர்ல கை வைக்காம எதுவும் பிடிபடாது"ன்னு இன்னொரு கட்சி. மனப்படிமம் எந்த வேலைக்கு உதவுது, எங்க கைவிடுது? கண்ணை மூடினா எதுவுமே தெரியலைன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு என்ன பண்றது?

ராணிப்பேட்டை_பேட்டர்ன்:
திருப்பிப் பார்க்க மனசு நல்ல கருவி. உளவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-ல வெளியிட்ட சோதனையில, உருவத்தை மனசுக்குள்ள திருப்ப வேண்டிய கோணம் கூடக்கூட நேரமும் அதே விகிதத்துல கூடுச்சு, நொடிக்குச் சுமார் 60 டிகிரி. கையில பிடிச்சுத் திருப்புற மாதிரியேதான். ஸ்ட்ராப்பை மேல ஏத்தினா எப்படி, வாம்ப்பை (முன்பாதத்தை மூடுற துண்டு) குறைச்சா எப்படின்னு தோல் வெட்டாமலே பார்த்துடலாம்.

கைவிடுறது அளவுல. மனசுல வர்ற ஷூ பெரும்பாலும் வெளிப்பக்கத் தோற்றம்தான். உள்பக்கம் காலியா இருக்கும், ஆனா முழுசா பார்த்துட்ட திருப்தி வந்துடும். ஆபத்தே அதுதான். வெளிக்கணுக்கால் எலும்பு உள்பக்கத்தைவிடத் தாழ்வா இருக்கிறதால அந்தப் பக்க டாப்லைனை (கால் நுழையுற வாயோட மேல் ஓரம்) சில மி.மீ. இறக்கணும். மறந்தா போட்டு நடக்கும்போது எலும்புல உரசும்.

வகுப்புல இப்படிப் பண்ணுங்க. 2 நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்க, உடனே 5 சின்ன ஸ்கெட்ச். அதுல உள்பக்கமும் பின்பக்கமும் கட்டாயம். அப்புறம் லாஸ்ட் (ஷூ செய்யுற கால் வடிவ அச்சு) மேல மாஸ்கிங் டேப்பை ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி ஒட்டி, முன்பின் நடுக்கோடு போட்டு, டிசைனை டேப் மேலயே வரையணும். உரிச்சு அட்டையில தட்டையாக்கும்போது டோ (விரல் நுனி) பக்கம் சுருக்கம் விழும், ஓரத்துல சின்னச் சின்ன வெட்டு போட்டுப் படிய வைங்க. உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவுல சராசரிக் கோடு எடுத்து, லாஸ்டிங்குக்கு (அப்பரை லாஸ்ட் மேல இழுத்து அடியில மடிச்சு ஒட்டுறது) 15 முதல் 20 மி.மீ., மடிப்புக்கு 4, 5 மி.மீ. விடுங்க. தோல் எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி இழுபடாது. அதனால ஒரு ஜோடியாவது லாஸ்ட்ல இழுத்துப் பார்க்காம கோடு நிக்கிற இடத்தை முடிவு பண்ணாதீங்க.

காட்பாடி_உளவியல்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். தாராசுரத்துல காளைக்கும் யானைக்கும் ஒரே தலை வச்ச ரிஷபகுஞ்சரம் இருக்கே, அந்த மாதிரி வாத்தாவும் முயலாவும் தெரியுற படத்தை வச்சு 1985-ல சேம்பர்ஸும் ரைஸ்பெர்க்கும் சோதிச்சாங்க. படத்தை ஞாபகத்துல வச்சு மனசுலேயே இன்னொரு மிருகத்தைத் தேடினப்ப ஒருத்தராலயும் முடியலை. அதே ஞாபகத்தைப் பேப்பர்ல வரைஞ்சதும் எல்லாருக்கும் தெரிஞ்சது.

ஆனா மனசுல புதுசா எதுவுமே பிறக்காதுன்னு சொல்லிடக் கூடாது. ஆங்கில எழுத்து 'டி'யை (D) இடப்பக்கமா 90 டிகிரி சாய்ச்சு, அடியில 'ஜே'யை (J) நிறுத்திப் பாருங்க. குடை வரும். சில துண்டுகளைச் சேர்க்கிறது மனசுக்கு வரும். "இது இன்னது"ன்னு ஒருதடவை முடிவு பண்ணிட்ட உருவத்தை வேறொண்ணா பார்க்கிறதுதான் சிரமம். அதனால பக்கிள், ஸ்ட்ராப், பஞ்ச் சேர்க்கையை எல்லாம் மனசுல பண்ணட்டும். வந்த ஸ்கெட்ச்சைத் தலைகீழா திருப்பி வச்சு மறுபடி பார்க்கட்டும்.

ஆம்பூர்_அப்பர்:
ரொம்ப நன்றி. எதுவும் தெரியாத பிள்ளைங்க விஷயம்?

காட்பாடி_உளவியல்:
அதுக்கு அஃபான்டேசியான்னு 2015-ல ஆடம் ஸீமன் குழு பேர் வச்சது. அனிமேஷன் படக் கம்பெனி பிக்ஸாரைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான எட் கேட்முல் தனக்கும் இப்படித்தான்னு வெளிப்படையாவே சொல்லியிருக்கார். அவங்களைக் கண்ணை மூட வற்புறுத்தாதீங்க, நேரா டேப் ஒட்டின லாஸ்ட்டையும் பென்சிலையும் கொடுங்க.

இன்னொண்ணு, கேட்லாக்கை முதல்லயே காட்டாதீங்க. 1991-ல ஜான்சனும் ஸ்மித்தும் குறையுள்ள மாதிரி டிசைன் ஒண்ணைக் காட்டி டிசைன் பண்ணச் சொன்னப்ப, அந்தக் குறையும் சேர்ந்தே வரைபடத்துல வந்தது. 5 ஸ்கெட்ச்சும் முடிஞ்ச பிறகு மாதிரி ஷூவை மேசைக்குக் கொண்டு வந்தா போதும்.