காரணம் தெரியாத அரிப்பு: வீட்டையும் காரையும் எப்படிச் சுத்தம் செய்வது?

கொடிக்கயிறு:
வணக்கம். வீட்டில் மூணு பேருக்கும் அரிப்பு, ராத்திரி ஆனா அதிகம். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் நாடா படும் இடமெல்லாம் பொடிப்பொடியா பொரிஞ்சிருக்கு. ஒரு டாக்டர் அலர்ஜின்னார், இன்னொருத்தர் பூச்சிக்கடின்னார். தோல் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைச்சிருக்கு. அதுவரை வீடு, கார் ரெண்டையும் எப்படிச் சுத்தம் பண்றது? தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம். மெத்தைக்குப் பூச்சி ஸ்ப்ரே அடிக்கலாமா?

சலவைக்கல்:
ஸ்ப்ரே வேண்டாம். அந்த மருந்தே தோலை எரிக்கும். அப்புறம் எது பழைய அரிப்பு, எது புதுசுன்னு டாக்டருக்கே தெரியாது.

நீங்க சொல்ற இடங்களைப் பார்த்தா சிரங்குப் பூச்சியைத்தான் முதல்ல சந்தேகிக்கணும். அதை உறுதி செய்ய வேண்டியது டாக்டர். தோலைச் சுரண்டிச் சோதிச்சு ஒண்ணும் கிடைக்கலைன்னாலும் சிரங்கு இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. அந்தப் பூச்சி மனுஷ உடம்பை விட்டு விலகினா பொதுவா 2, 3 நாளுக்கு மேல தாங்காது. அதனால வீடு முழுக்கப் புரட்ட வேண்டியதில்லை. கடைசி 3 நாள் உடுத்தினது, விரிச்சது, துவட்டினது போதும். வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் முழுச் சுழற்சி ஓடவிடுங்க. குவிக் வாஷ் வேண்டாம், தண்ணி சூடாகிறதுக்குள்ள முடிஞ்சுடும். துவைக்க முடியாத தலையணை, பொம்மை, செருப்பை பாலிதீன் பையில் இறுக்கக் கட்டி 7 நாள் ஒதுக்கி வைங்க. மெத்தைத் தையல் ஓரத்துக்கு வேக்யூம் போதும். தூசியை வெளியே கொட்டிடுங்க.

எந்த நாள் துவைக்கிறீங்கங்கிறதுதான் முக்கியம். டாக்டர் சிரங்குப் பூச்சியைக் கொல்ற பெர்மெத்ரின் 5% களிம்பு எழுதினா, அரிப்பு இல்லாதவங்க உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி, அவர் சொன்னபடி தடவணும். மறுநாள் காலையில் குளிச்சதும் துணி, விரிப்பு எல்லாம் துவைங்க. ஆளுக்கு மருந்து போடாம வீட்டை மட்டும் கழுவினா ரெண்டே நாளில் பழைய கதைதான். வழக்கமா 7 நாள் கழிச்சு இன்னொரு முறை தடவச் சொல்வாங்க. பூச்சி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் இருக்கலாம். அப்ப பயந்துபோய் திரும்பவும் பிளீச்சிங் பவுடரைத் தூக்காதீங்க.

டிக்கிச்சாவி:
காருக்கு இவ்வளவு வேலை இல்லை. சிரங்குதான்னா 4 நாள் யாரும் ஏறாம பூட்டி வெச்சாலே போதும்.

வண்டி தினமும் வேணும்னா: சீட்டை முழுக்க முன்னே தள்ளி ஒரு தடவை, பின்னே தள்ளி ஒரு தடவை வேக்யூம் பண்ணுங்க. சாய்மானமும் சீட்டும் சேருற இடுக்கை விட்டுடாதீங்க. உறையைக் கழற்றி வீட்டுத் துணியோட துவைங்க. ஷாம்பூ ஊற்றிச் சீட்டை நனைக்காதீங்க. ஸ்பாஞ்சு உள்ளே காய நாளாகும், பூசணம் பிடிச்சா அதுவும் ஒரு தொல்லை. சீட்டுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கோடது, அதில் தண்ணி படக்கூடாது. பெல்ட்டை முழுசா இழுத்து, உள்ளே ஓடாம ஒரு கிளிப் போட்டு, லேசான சோப்புத் தண்ணியில் துடைச்சுக் காயவிட்டு அப்புறம் விடுங்க. பிளீச் பட்டா பெல்ட் நாடா வலுவிழக்கும்.

அலர்ஜியாவும் இருக்கலாம்ங்கிறதால இதையும் பாருங்க: உள்ளே வர்ற காற்றை வடிகட்டுற கேபின் ஃபில்டர், பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால இருக்கும். கறுத்திருந்தா மாத்துங்க, காற்று போற திசைக்கான அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்க. கண்ணாடியில் தொங்குற வாசனைப் புட்டியையும் டாஷ்போர்டு பாலிஷையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க. துணி மூட்டையை வெயிலில் நிக்கிற கார்ல போட்டுப் பூச்சியைச் சாகடிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. மேல் துணி கொதிக்கும், மூட்டையோட நடுப்பகுதி சூடாகுமான்னு நம்ப முடியாது.

வேப்பங்கொழுந்து:
அலர்ஜின்னு சொன்ன டாக்டரையும் ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். பினாயிலை இன்னைக்கே நிறுத்துங்க, குளிக்கிற தண்ணியில் ஆன்டிசெப்டிக் ஊற்றினா அதையும் சேர்த்து. தரைக்கு வெறும் தண்ணியில் சில சொட்டு பாத்திர சோப்பு போதும். பருத்திக் கையுறை மேல ரப்பர் கையுறை. சலவைக்கு வாசனை இல்லாத திரவம், அளவு பாதி, ஒரு அலசல் கூடுதல். லேபிளில் மெத்தில்ஐசோதையசோலினோன்னு இருந்தா அந்தப் பொருளைத் தள்ளி வைங்க. பலருக்கு ஒவ்வாமை தர்ற பதப்படுத்தி அது. பிளீச்சையும் அமிலக் கழிவறைத் திரவத்தையும் ஒரு நாளும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும்.

மெத்தைத் தையலில் கரும்புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சியா இருக்கலாம். துவைக்கிறது மட்டும் அதுக்குப் போதாது. ஏசிக்குப் பின்னால புறாக் கூடு இருக்கான்னும் பாருங்க. குஞ்சு பறந்துபோனதும் கூட்டிலிருக்கிற பறவைச் சிற்றுண்ணி இடுக்கு வழியா உள்ளே வரலாம்.

மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போடாதீங்க. சிரங்கு, படர்தாமரை ரெண்டோட தோற்றத்தையும் அது மாத்திடும். புதுசா பொரியும்போதே போட்டோ எடுத்து வைங்க.

கொடிக்கயிறு:
நன்றி. எங்க வாஷிங் மெஷின் டாப் லோட், ஹீட்டர் கிடையாது. புறாக் கூடு இருக்கு, காலியா.

சலவைக்கல்:
அப்ப அண்டாவில் உலர்ந்த துணியைப் போட்டு, முழுக முழுகக் கொதிக்கிற தண்ணி ஊற்றி 15 நிமிஷம் மூடி வைங்க, பிறகு மெஷின். ஈரத்துணின்னா தண்ணி சட்டுன்னு ஆறிடும். கம்பளி, எலாஸ்டிக் எல்லாம் பாலிதீன் பைக்கு.

வேப்பங்கொழுந்து:
கூட்டை முதல்ல எடுங்க. முகக்கவசம், கையுறை போட்டு, எச்சத்தை நனைச்ச பிறகு. உலர்ந்தபடி பெருக்கினா தூள் மூச்சுக்குள்ள போகும். எடுத்ததை இரட்டைப் பையில் கட்டி, ஏசி இடுக்கை ஃபோமால் அடைச்சிடுங்க. டாக்டர்கிட்ட கூடு விஷயத்தையும் சொல்லுங்க.