டிரைவரின் கண் அசந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தாம்வேவாசி:
போன வாரம், பிற்பகல் மூன்று மணி. யாங்கோனில், இன்செய்னிலிருந்து சூலேக்கு வரும் பஸ். லேடான் தாண்டியிருந்தோம். முன்னிருக்கையில் இருந்ததால் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்வை இல்லை. வலது கை ஸ்டியரிங்கிலிருந்து மெல்ல நழுவி மடியில் விழுந்தது. "ஐயா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிரேக் போட்டார். முன்னால் நின்ற காருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருக்கும். "விடியற்காலை நாலு மணிக்கு எடுத்த வண்டி" என்று மட்டும் பர்மியில் சொன்னார். நழுவிய அந்தக் கைதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

தாக்கேத்தா அக்கா:
பழைய காலத்தை மறந்துவிட்டீர்களா தம்பி? அன்று வசூலை வைத்துத்தான் கூலி. அம்மாவின் ஒரு கால் தரையில் படுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டான், பின்னால் போட்டி வண்டி வந்ததால். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. 2017 ஜனவரி 16-ல் YBS என்ற புதிய நகர பஸ் முறை வந்த பிறகுதான் அந்த ஓட்டப்பந்தயம் குறைந்தது.

பழைய நடத்துநர்:
ஓட்டப்பந்தயம் குறைந்தது உண்மைதான் அக்கா. ஆனால் எங்களையும் எடுத்துவிட்டார்களே! கதவைப் பார்ப்பதும், பயணிகளிடம் காசு வாங்குவதும், பக்கத்தில் வேறு வண்டி நுழைகிறதா என்று சொல்வதும் என் வேலையாக இருந்தது. டிரைவர் கண் சொருகினால் தோளில் தட்டியதும் நான்தான். இப்போது அத்தனையும் ஒரே ஆள் தலையில்.

டிரைவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பு தானாகவே சோரும்; வயிறு நிறையச் சோறு உண்டால் இன்னும் மோசம். காப்பி வேலை செய்ய அரை மணி நேரம் வேண்டும். அதனால் முதலில் காப்பி குடித்துவிட்டு இருபது நிமிடம் படுங்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய நிதானம் குடித்தவனுடைய நிதானம் போல ஆகிவிடும் என்று ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அசந்தால் வண்டி 44 மீட்டர் ஓடிவிடும். சூலே சந்திப்பில் 44 மீட்டருக்குள் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தாம்வேவாசி:
அண்ணே, சொன்னதெல்லாம் சரி. அந்த இருபது நிமிடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? சூலேயில் நான் இறங்கும்போதே அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.