பர்லிங்டனில் 10 வாக்குகளில் முடிந்த மேயர் தேர்தல்: முடிவு செய்தது மூன்றாமவரா?

தெற்குவாசல் (கேள்வி):
அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் சுமார் 38,000 பேர் வாழ்ந்த சிறு நகரம். அங்கே 1981 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில், சுயேச்சையாக நின்ற பெர்னி சாண்டர்ஸ், பல முறை மேயராக இருந்த கார்டன் பாக்கெட்டை மறு எண்ணிக்கைக்குப் பின் வெறும் 10 வாக்குகளில் வென்றார். பாக்கெட்டின் ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து நின்ற உணவக உரிமையாளர் ரிச்சர்ட் போவ் ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். அவர் நிற்காதிருந்தால் முடிவு மாறியிருக்கும் அல்லவா?

குறிஞ்சி:
போவுக்கு விழுந்தவை அனைத்தும் பாக்கெட்டுக்குச் சேர வேண்டியவை என்று கொள்வது தவறு என்பேன். சொத்து வரியை உயர்த்த முனைந்ததாலும், ஏரிக்கரையில் எழவிருந்த அடுக்குமாடிகளாலும் மேயர் மீது ஊரில் கசப்பு இருந்தது. ரோந்துக் காவலர் சங்கமே சாண்டர்ஸை ஆதரித்தது. 1983-இல் இரு பெரிய கட்சிகளும் ஆள் நிறுத்திய மும்முனைப் போட்டியில் அவர் 52 விழுக்காடு பெற்றதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
வாக்குச் சிதறலுக்கு மருந்தாக அந்நகரம் பின்னாளில் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை இடுவார்; ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த வாக்குகள் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2009-இல் முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட் 2,951, முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ் 2,585, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி மான்ட்ரோல் 2,063 வாக்குகள் பெற்றனர். இறுதிச் சுற்றில் கிஸ் 252 வாக்குகளில் ரைட்டை வென்றார். ஆனால் அதே சீட்டுகளை இருவர் இருவராக வைத்து எண்ணினால், இடையில் நீக்கப்பட்ட மான்ட்ரோல் கிஸ்ஸையும் ரைட்டையும் தனித்தனியே வெல்கிறார். ரைட் கடைசிச் சுற்றுவரை நின்றதால், அவருடைய ஆதரவாளர்கள் இரண்டாவதாக யாரை எழுதினார்கள் என்பது அந்த முறையின் எண்ணிக்கையில் கணக்கில் வரவே இல்லை. அவர்களில் ஐந்நூறு பேர் மான்ட்ரோலை முதலாவதாக எழுதியிருந்தால், தாங்கள் விரும்பாத கிஸ் வந்திருக்க மாட்டார். மனத்துக்குப் பிடித்தவரை முதலாவதாக எழுதியதே அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது என்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. அடுத்த ஆண்டே அம்முறை பொதுவாக்கெடுப்பில் கைவிடப்பட்டது. நகராட்சித் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நிதிச் சிக்கலால் கிஸ் மீது எழுந்திருந்த கோபமும் அதற்கு ஒரு காரணம்.

குறிஞ்சி:
கைவிட்ட பிறகும் சிக்கல் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் மிரோ வைன்பெர்கர் பாதி வாக்குகள்கூட இல்லாமல், 129 வாக்கு வித்தியாசத்தில் மேயரானார்; 2023-இல் வாக்காளர்கள் விருப்ப வரிசையை மேயர் தேர்தலுக்கு மீண்டும் ஏற்றனர்.

தெற்குவாசல்:
நன்றி. போவ் ஒருவரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். 1981-இன் சீட்டுகளில் இரண்டாம் விருப்பத்துக்கு இடமே இல்லாததால், என் கேள்விக்கு அவற்றிலிருந்து விடை எடுக்க முடியாது என்பது இப்போது புரிகிறது.