மனிசியின் பிலிப்பைன்ஸ் பிரஜாவுரிமையைத் திரும்ப எடுக்க முடியுமா?

கல்லடியான்:
வணக்கம். நான் 2001இல் கனடா போனவன். மனிசி பிலிப்பைன்ஸின் இலொய்லோக்காரி, தாதியாக வேலை செய்தவர். மகள் டொரொண்டோவில் 2004இல் பிறந்தாள். மனிசி 2007இல் கனேடியப் பிரஜையானார். இப்போது ஊரோடு வந்துவிட்டோம். நான் இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டேன். பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்திலிருந்து அந்தப் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தா.

போன பங்குனியில் மாமியைப் பார்க்கப் போனோம். மணிலாவில் இறங்கியதும் வெளிநாட்டவர் வரிசையில் நின்றோம். மனிசி ஒன்றும் பேசவில்லை. அறைக்கு வந்துதான் அழுதார். பிறந்த நாட்டில் விருந்தாளியாக நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நானும் அப்படி நின்றவன்.

ஒரு முகவரிடம் கேட்டோம். கனேடியப் பிரஜாவுரிமையைக் கைவிட்டால்தான் முடியும், மகளுக்கு 18 தாண்டியதால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார். பெரிய தொகையும் கேட்டார். உண்மையா?

கல்முனை நானா:
தம்பி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். என் தம்பியின் மனைவியும் பிலிப்பைன்ஸ்தான்; அவவுக்காக இந்த அலுவலில் ஓடித் திரிந்தவன் நான். அங்கே இரண்டு சட்டம் இருக்கிறது. 1995இன் 8171ஆம் சட்டம், வெளிநாட்டவரைக் கலியாணம் செய்ததால் பிரஜாவுரிமை போன பெண்களுக்கும், அரசியல் அல்லது பொருளாதார நெருக்கடியால் இழந்தவர்களுக்கும் உரியது. உங்கள் மனிசிக்கு உங்களைக் கட்டியதால் போகவில்லை. கனடாவில் சத்தியம் செய்ததால் போனது. அவர் பார்க்க வேண்டியது 2003இன் 9225ஆம் சட்டம். பிறப்பால் அந்நாட்டுப் பிரஜையாக இருந்தவர் விசுவாசப் பிரமாணம் எடுத்தால் திரும்பக் கிடைக்கும். கனேடியப் பிரஜாவுரிமையை விடத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கனடாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலென்றால் அவர்களின் தூதரகத்தில் செய்யலாம். அடுத்த முறை மாமியிடம் போகும்போதென்றால் அங்குள்ள குடிவரவுப் பணியகத்தில் செய்யலாம்.

ஆரையம்பதி அக்கா:
நானா சொன்னது சரி. மகளின் விஷயத்தில்தான் முகவர் பெரிய பிழை விட்டிருக்கிறார். தாய் பிரமாணம் எடுக்கும்போது கூடவே கிடைப்பது 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, கலியாணமாகாத பிள்ளைகளுக்குத்தான். ஆனால் உங்கள் மகள் பிறந்தது 2004இல். தாய் மாறியது 2007இல். அவர்களின் 1987 அரசியலமைப்பின்படி, பிள்ளை பிறக்கும்போது தாயோ தகப்பனோ பிரஜையாக இருந்தால் போதும், பிள்ளையும் பிறப்பிலேயே பிரஜை. பிள்ளை கனடாவில் பிறந்ததால் அது மாறாது. அவளுக்குத் திரும்ப எடுக்க ஒன்றுமில்லை, அவள் இழக்கவே இல்லை. பிந்தியாவது பிறப்பைத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள்.

கல்லடியான்:
அக்கா, இதை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மாமிக்கு அழைப்பெடுத்து அரை மணித்தியாலம் அவர்களின் பாஷையில் கதைத்தார். மகளின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. இப்போது அலுமாரியில் இருந்ததையெல்லாம் நிலத்தில் பரப்பி, மகளின் பிறப்புப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நானா, உங்களுக்கும் நன்றி.